பூஜை போடும் முன் சக்கரத்தைப் பாருங்க! புது காரில் அலைன்மென்ட் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என ஜி.எஸ்.டி சாலை நெடுக இருக்கும் கார் ஷோரூம்களில் முகூர்த்த நாள் காலைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். காருக்கு மாலை, கண்ணாடியில் சந்தனம் குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். தாத்தா கையால் சாவி வாங்கி, கேக் வெட்டி, பெரிய அட்டைச் சாவியோடு ஒரு போட்டோ. ராகு காலத்துக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குடும்பத்தோடு கோவளம் வரை ஒரு ரவுண்டு.

அந்த ஈ.சி.ஆர் சாலையில்தான் சிலருக்கு முதல் சந்தேகம் வரும். ரோடு நேராகப் போகிறது, கார் மட்டும் இடது பக்கமாக ஒதுங்குகிறது. நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கும் லோகோ சாய்ந்து நிற்கிறது. 'புது வண்டி, அப்படித்தான் இருக்கும். பழகினால் சரியாகிவிடும்' என்று பின் சீட்டிலிருந்து மாமா சொல்வார். சரியாகாது. புது கார் பழகப் பழக நேராக ஓட ஆரம்பிக்கும் என்பது நம் ஊரில் ரொம்ப நாளாக உலவும் ஒரு தவறான நம்பிக்கை.

இதில் பெரிய சிக்கல், கோளாறைவிட அதைக் கண்டுபிடிக்கும் நேரம்தான். ஷோரூம் வாசலைத் தாண்டும் முன் சொன்னால் அது கம்பெனியின் பிரச்னை. ஒரு வாரம் கழித்துச் சொன்னால், 'எங்கேயாவது பள்ளத்தில் இறக்கியிருப்பீங்க சார்' என்ற பதில் வரும். வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம் வழியாக ஒருமுறை வந்தவர்களால் அதை அடித்து மறுக்கவும் முடியாது. பல நிறுவனங்களின் வாரன்டி கையேட்டில் வீல் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் வழக்கமான பராமரிப்பு என்று தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஒதுக்கிய வேலைக்குக் காசு உங்களுடையது.

அலைன்மென்ட் என்றால் என்ன?

மூன்று கோணங்கள்தான். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து உள்பக்கம் திரும்பியிருக்கின்றனவா, வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா என்பது 'டோ'. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது 'கேம்பர்'. பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சின் சாய்வு 'கேஸ்டர்'. திருப்பத்தில் ஸ்டீயரிங்கை விட்டால் அது தானாக நேர் நிலைக்கு வருகிறதே, அது கேஸ்டரின் வேலை. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதற்காகத்தான்.

இவையெல்லாம் டிகிரியில் அளக்கப்படும் சின்னச் சின்ன அளவுகள். 'இவ்வளவு கொஞ்சம்தானே' என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போக வேண்டிய திசையிலிருந்து ஒரு சக்கரம் அரை டிகிரி விலகியிருந்தால், கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்த டயர் 8 மீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. உருண்டு போக வேண்டிய ரப்பர் தேய்ந்துகொண்டே போகிறது. தாம்பரத்திலிருந்து கோவளம் போய் வந்தாலே அது சில நூறு மீட்டர். டயரின் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாவது இப்படித்தான். எடை அதிகமான எலெக்ட்ரிக் கார்களில் இந்தத் தேய்மானம் இன்னும் சீக்கிரம் தெரியும்.

தொழிற்சாலையில் இதைப் பார்க்காமலா அனுப்புகிறார்கள்? பார்க்கிறார்கள். பாடி ஷாப்பில் ரோபோக்கள் வெல்டிங் செய்து முடித்து, பெயின்ட் அடித்து, எல்லா பாகங்களையும் பூட்டிய பிறகு, லைனின் கடைசியில் ஒவ்வொரு காருக்கும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம், ரோலர் மேல் பிரேக், தண்ணீர் பீய்ச்சி லீக் பார்ப்பது எனத் தொடர் சோதனைகள் உண்டு. அங்கே சரியாக இருந்த கார் உங்கள் கைக்கு வருவதற்குள் டிரெய்லரில் ஏறி இறங்கி, சக்கரம் பெல்ட்டால் இறுக்கப்பட்டு, ஸ்டாக்யார்டில் பல கைகள் மாறி வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான காராக இருந்தாலும், ஹரியானாவின் மானேசரிலிருந்தோ புனே பக்கத்து சாக்கனிலிருந்தோ வந்த காராக இருந்தாலும் ஸ்டாக்யார்டு என்ற இடைநிறுத்தம் எல்லோருக்கும் பொது. ஏற்றும்போது ஒரு இரும்பு விளிம்பில் சக்கரம் இடித்தால் போதும், டை ராடு வளைந்துவிடலாம்.

தொழிற்சாலையின் கண்ணிலேயே தப்புவதும் உண்டு. 2023 ஜூலையில் மாருதி சுஸூகி தன் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ கார்களில் 87,599 வண்டிகளைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கலாம். 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை அவை. காரணம், ஸ்டீயரிங் டை ராடின் ஒரு பாகத்தில் இருக்கக்கூடிய குறைபாடு. அரிதாக அது உடைந்து, வண்டியைத் திருப்பும் கட்டுப்பாட்டையே பாதிக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. முன்சக்கரத்தின் 'டோ' அளவைத் தீர்மானிப்பதே இந்த டை ராடுதான்.

எப்போது பார்க்க வேண்டும்?

பி.டி.ஐ, அதாவது டெலிவரிக்கு முந்தைய பரிசோதனை என்று டீலரே ஒன்று செய்வார். அது அவருடைய பரிசோதனை. உங்களுடையது தனி. பெரும்பாலானவர்கள் டெலிவரி நாளன்று, மாலை போட்ட பிறகு காரைச் சுற்றி வருகிறார்கள். அதற்குள் கார் உங்கள் பெயரில் ரிஜிஸ்டர் ஆகி, நம்பர் பிளேட் ஏறி, இன்ஷூரன்ஸ் தொடங்கியிருக்கும். அப்போது 'இந்த வண்டி வேண்டாம், வேறு கொடுங்கள்' என்றால் ஷோரூமில் யாருக்கும் காது கேட்காது.

உங்களுக்கென்று ஒரு சேஸிஸ் எண் ஒதுக்கியதும், இன்வாய்ஸ் போடுவதற்கும் பதிவுக்கு அனுப்புவதற்கும் முன்னால், 'வண்டியைப் பார்க்கணும்' என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பிலோ இ-மெயிலிலோ எழுத்தில் கேட்பது நல்லது. 'ஏன் சார், எங்க மேல நம்பிக்கை இல்லையா?' என்று சேல்ஸ் தம்பி சிரித்துக்கொண்டே கேட்பார். கோபப்பட வேண்டாம், அவருக்கு மாத டார்கெட். 'நம்பிக்கை இருக்கு தம்பி, கடன்தான் அஞ்சு வருஷம் இருக்கு' என்று நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுவிய காரை, ஈரம் காய்ந்த பிறகு பாருங்கள். ஸ்டாக்யார்டு தூசியும் ஷோரூமின் மஞ்சள் விளக்கும் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

முதலில் கண்ணால்

காரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, நேர் எதிரே நின்று பாருங்கள். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா? பம்பர் ஒரு பக்கம் தொங்குகிறதா? பின்னால் போய் டிக்கியையும் அப்படியே பாருங்கள். கதவு இடுக்குகளில் விரல் நுனியை வைத்து மேலிருந்து கீழே இழுத்தால், அகலம் மாறும் இடம் கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரியும். எல்லா கார்களிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும், அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் தேடுவது.

நான்கு கதவுகளையும் ஒரே வேகத்தில் சாத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறு சத்தம் போட்டால், அல்லது இரண்டாவது முறை அழுத்தினால்தான் பூட்டுகிறது என்றால், கீல் சரியாக உட்காரவில்லை. இதைச் சரிசெய்வது எளிது, ஆனால் ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். பானெட்டைத் திறந்து கீல் போல்ட்டுகளையும், ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். பாடியின் அதே பெயின்ட் போல்ட்டின் தலையிலும் உடையாமல் இருக்க வேண்டும். ஸ்பேனர் போட்ட காயம் இருந்தால், அந்தப் பாகம் ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். கண்ணாடிகளின் மூலையிலுள்ள சின்ன முத்திரைகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தாலும் அதே கேள்விதான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1425 என்றால் 2025-ம் ஆண்டின் 14-வது வாரம் தயாரானது. ஐந்து டயர்களும் ஒரே கம்பெனியா, தேதிகள் கிட்டத்தட்ட ஒன்றா என்று பாருங்கள். கார் எப்போது தயாரானது என்பதைச் சேஸிஸ் எண்ணோடு வரும் மாதக் குறியீட்டிலிருந்து தெரிந்துகொள்ளலாம். டீலர் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21-லும் தயாரிப்பு மாதமும் ஆண்டும் எழுதியிருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

நம் ஊருக்கென்று கூடுதலாக இரண்டு விஷயங்கள். ஒன்று, வெள்ளம். 2015 டிசம்பர் மழையில் சென்னையைச் சுற்றியுள்ள கார் தொழிற்சாலைகளே சில நாள் உற்பத்தியை நிறுத்தின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மழைக்காலம் முடிந்து கார் எடுப்பவர்கள் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளம், கார்ப்பெட்டின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் சேற்றுக் கோடோ ஈர வாடையோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று, கடற்காற்று. சக்கரத்தின் உள்ளே தெரியும் பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்திருந்தால் பயப்படாதீர்கள், நான்கு முறை பிரேக் அடித்தால் போய்விடும். சஸ்பென்ஷன் கைகள், அடிப்பாகத்தின் வெல்டிங் ஓரங்கள் ஆகியவற்றில் துரு இருந்தால் கார் ரொம்ப நாள் வெட்டவெளியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு, அந்தத் தாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள்: டெலிவரிக்கு முன் வீல் அலைன்மென்ட் பிரின்ட்-அவுட் கேளுங்கள். பதிவாகாத காரை நீங்கள் வெளிக்கடைக்கு ஓட்டிப்போக முடியாது. ஆனால் டீலரின் சர்வீஸ் சென்டரிலேயே அந்த மெஷின் இருக்கும். காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். பக்கத்தில் நின்று பாருங்கள்.

மெஷினில் ஏற்றுவதற்கு முன் டயர் காற்று சரிபார்க்கப்பட வேண்டும். ஸ்டாக்யார்டில் நிற்கும் கார்களுக்கு, டயர் ஒரே இடத்தில் அமுங்கிவிடாமல் இருக்க, காற்றைக் கூடுதலாக வைத்திருப்பது வழக்கம். டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதுதான் சரியான அளவு.

வரும் தாளில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அளவுகள் இருக்கும். கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு. இங்கேதான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். 'சிவப்பா இருந்தது, பச்சை பண்ணிட்டோம் சார்' என்று ஒரு தாளை மட்டும் நீட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது, கை வைப்பதற்கு முன் எடுத்த அளவும் வைத்த பின் எடுத்த அளவும் சேர்ந்த தாள்.

ஏன் என்றால், நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களில் அலைன்மென்ட் மெஷினில் வைத்துத் திருத்தக்கூடியது முன்சக்கர 'டோ' மட்டும்தான். கேம்பரும் கேஸ்டரும், பின்சக்கரத்தின் அளவுகள் முழுவதும் அச்சில் வார்த்தது போல நிலையானவை. அவற்றைத் திருத்த போல்ட்டே கிடையாது. ஆகவே முன்சக்கர டோ லேசாக விலகியிருந்தால் பத்து நிமிட வேலை, கவலை இல்லை. இடது, வலது கேம்பர் ஒன்றுக்கொன்று எட்டிப்போய் இருந்தாலோ, பின்சக்கர அளவு சிவப்பில் இருந்தாலோ கதை வேறு. ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது பூட்டிய இடமே தப்பு. டோவை இழுத்துப் பிடித்து ஸ்டீயரிங்கை நேராக்கிக் காட்டலாம், மூலக் கோளாறு அப்படியே இருக்கும். அந்தக் காரை எடுக்காதீர்கள் என்பேன்.

வண்டி வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.சி வசதி உள்ள கார்களில், ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் ஒரு சென்சார் உண்டு. அலைன்மென்டில் கை வைத்தால் அதையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்கண்ணாடியில் கேமரா உள்ள, லேன் மாறினால் எச்சரிக்கும் கார்களில் அந்த கேமராவின் கேலிபரேஷனும் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

டீலரின் டிரேட் சான்றிதழில், அவர்கள் ஆளோடு, ஒரு கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில், காலியான நேர்சாலையில், ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தபடி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உணருங்கள். கைகளை முழுதாக எடுத்துவிட்டுப் பார்க்கும் சர்க்கஸ் நம் சாலையில் வேண்டாம்.

மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை ஓரம் நோக்கிச் சாய்வாகத்தான் போடுகிறார்கள். இடது லேனில் எந்த காரும் கொஞ்சம் இடப்பக்கம்தான் ஒதுங்கும். அதனால் இருவழிப் பாதையின் வலது லேனிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இடப்பக்கமே இழுத்தால் சாலையின் மேல் பழி போட முடியாது. டயரின் உள்கட்டமைப்பில் கோணல் இருந்தாலும் இழுக்கும். முன்பக்க டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டும்போது இழுவை எதிர்ப்பக்கம் மாறினால், குற்றவாளி டயர். மாறவில்லை என்றால் அலைன்மென்ட் அல்லது பிரேக். பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்.

முதல் சில கிலோமீட்டரில் லேசான அதிர்வு இருந்து, டயர் சூடானதும் மறைந்துவிட்டால் அது நின்ற இடத்தில் டயர் அமுங்கிய விளைவு. விட்டுவிடலாம். திரும்பி வந்ததும் ஒரு சுவருக்கு எதிரே காரை நிறுத்தி ஹெட்லைட் போடுங்கள். இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழ வேண்டும்.

கோளாறு இருந்தால்?

போட்டோ, வீடியோ, அலைன்மென்ட் தாள் எல்லாவற்றையும் சேர்த்து அன்றே டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் இ-மெயில் அனுப்புங்கள். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், குறைகளைக் கையால் எழுதி அதன் கீழே கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கோவாவில் நடந்த ஒரு வழக்கு உதாரணம். 2011-ல் அந்த வருட மாடலுக்குப் பணம் கட்டியவருக்கு டீலர் ஒதுக்கியது 2009-ல் தயாரான டாடா கார். 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அடிப்பாகத்தில் அரிப்பு, பாடியில் கீறல்கள், சமமில்லாத சக்கரங்கள். வேறு கார் அல்லது பணம் கேட்டு அவர் வழக்குப் போட்டார். நுகர்வோர் மன்றங்களில் வென்றார். ஆனால் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இந்த விற்பனையில் உற்பத்தியாளருக்குப் பங்கு இருந்ததாக நிரூபணம் இல்லை என்று டாடா மோட்டார்ஸை விடுவித்தது. பொறுப்பு டீலரோடு நின்றது. வழக்கு அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 10 ஆண்டுகள்.

டெலிவரி எடுத்த பிறகு 'முழுக் காரையும் மாற்றித் தா' என்பது இன்னும் கடினம். மாருதி தொடர்பான 2006-ம் ஆண்டு வழக்கில், வாரன்டியின்படி குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவதுதான் நிறுவனத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுபக்கமும் உண்டு. விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், 2022 ஏப்ரலில், வேறு கார் தர வேண்டும் என்ற உத்தரவை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்றது. ஏர்பேக் விரியாதது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. அலைன்மென்ட் அப்படி இல்லை, அதற்கு அளவு வேண்டும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பரிசோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையமே தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கலாம். அந்தப் பரிசோதனைக்கு முன், டெலிவரி நாள் தாள் உங்கள் கையில் இருந்தால் 'பள்ளத்தில் விட்டீர்கள்' என்ற வாதம் எடுபடாது.

ஷோரூம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கோவளம், கேளம்பாக்கம், தாம்பரம் வாசகர்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கான புகாரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதற்கு முன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்துவிடுங்கள். தமிழிலேயே பேசலாம். உங்கள் மாடலில் பலருக்கும் இதே கோளாறு என்று தெரிந்தால், 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரீகால் விதிகளின்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்திலும் புகார் அளிக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்து காரை எடுத்துவிட்டீர்களா? முதல் சர்வீஸில் இன்னொரு முறை அலைன்மென்ட் பார்த்து, அந்தத் தாளையும் பழைய தாளோடு சேர்த்து, ஆர்.சி புத்தகத்தின் நகல் இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள். இப்போது மாலை வாங்கலாம். கட்டும்போது முன்பக்க ரேடார் சென்சாரை மட்டும் மறைக்காமல் கட்டுங்கள்.